சிஸ்டரைத் திட்டும் முன் டிரேயைத் திறந்து பாருங்கள்

அலர்ஜி வந்த நோயாளி வார்டில் சாய்ந்து விழும் வீடியோ பரவியது, டியூட்டியில் இருந்த சிஸ்டரை சஸ்பெண்ட் செய்தாயிற்று. எல்லோருக்கும் திருப்திதானே?

அந்த வீடியோவை நான் இங்கே மறுபடி போடப் போவதில்லை. பார்த்தவர்கள் மட்டும் ஒரு தடவை நிதானமாக நினைத்துப் பாருங்கள். ஆன்டிபயாடிக் ஏறிக்கொண்டிருக்கும்போதே உள்ளங்கை அரிக்கிறது என்கிறார் நோயாளி. செருமுகிறார். குரல் கம்முகிறது. சிஸ்டர் மருந்தை நிறுத்துகிறார், போனை எடுக்கிறார். வந்த ஆர்டர்: ஆன்டிஹிஸ்டமின் ஒன்று, ஸ்டீராய்டு ஒன்று, இரண்டும் ஐ.வி. போட்டுவிட்டார். பிறகு அடுத்த அறைக் கட்டிலுக்கு மாற்ற நோயாளியை எழுப்பி நடக்க வைக்கிறார்கள். நாலு அடி. சாய்ந்துவிட்டார். ஐ.சி.யூ.வில் இருந்து பிழைத்து வந்தது அவருடைய நல்ல நேரம்.

இதற்கு நம் மக்கள் வைத்த பெயர் 'நர்ஸின் அலட்சியம்'.

எது அலட்சியம்? மருந்தை நிறுத்தினாரே, அதுவா? உடனே தகவல் சொன்னாரே, அதுவா? சொன்ன ஆர்டரை நிமிடத்தில் போட்டாரே, அதுவா? படித்ததைத்தான் செய்தார். பார்த்துப் பழகியதைத்தான் செய்தார். போனில் பேசியவரும் அப்படித்தான். அலர்ஜி என்றால் ஆன்டிஹிஸ்டமின், கொஞ்சம் அதிகம் என்றால் ஸ்டீராய்டு, இதயம் நின்றால் அட்ரினலின். இந்த வரிசை தலைமுறை தலைமுறையாக வார்டில் கைமாறி வருகிறது. வரிசையே தலைகீழ் என்று அவர்களுக்கு யார், எப்போது, எங்கே சொல்லிக் கொடுத்தார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் வரும்வரை திட்டுவதற்கு யாருக்கும் யோக்கியதை இல்லை என்பது என் கட்சி.

அந்த நோயாளிக்கு வந்தது அனஃபைலாக்ஸிஸ், நிமிடங்களில் உயிரைப் பறிக்கக்கூடிய கடும் அலர்ஜி. அதற்கு முதல் மருந்து அட்ரினலின். இரண்டாவது மருந்தும் அட்ரினலின். மற்றதெல்லாம் அதற்கப்புறம். ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் உள்ள ஆம்பூல் (சிறு கண்ணாடிக் குப்பி), பெரியவர்களுக்கு அதில் அரை மில்லி. தசையில், தொடையின் நடுப்பகுதியில், வெளிப்பக்கமாக. கையில் அல்ல, தோலுக்கடியில் அல்ல. அவசரம் என்றால் துணிக்கு மேலேயே குத்தலாம். குழந்தைக்கு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், 15 கிலோ குழந்தை என்றால் 0.15 மில்லி, அதுவும் ஒரு மில்லி சிரிஞ்சில் அளந்து. ஐந்து நிமிடத்தில் தேறவில்லை என்றால் இன்னொன்று. படுக்க வைத்து, காலை உயர்த்தி, ஆக்ஸிஜன், வேகமாக ஐ.வி. ஃப்ளூயிட். மூச்சு வாங்குகிறவரை உட்கார விடலாம், கர்ப்பிணியை இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைக்கலாம். யாரையும் எழுப்பி நிற்க வைக்கக் கூடாது, நடக்க வைக்கவே கூடாது. ரத்த நாளங்கள் விரிந்து, நீர் வெளியே கசிந்து, இதயத்துக்குத் திரும்பும் ரத்தமே குறைந்து கிடக்கும் நேரம் அது. நிமிர்ந்தவுடன் இதயம் வெறுமனே துடிக்கும். அந்த நாலு அடியில் நடந்தது அதுதான்.

தொடையில்தான் போட வேண்டுமா என்று ஒவ்வொரு பயிற்சியிலும் யாராவது கேட்பார்கள். குழந்தைகளிடம் செய்து 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வு இருக்கிறது. தொடைத் தசையில் போட்டபோது மருந்து ரத்தத்தில் உச்சத்துக்கு வர சராசரியாக 8 நிமிடம். தோலுக்கடியில் போட்டபோது 34 நிமிடம். இதன் பக்கத்தில் இன்னொன்றையும் வைத்துப் பாருங்கள். பிரிட்டனில் அனஃபைலாக்ஸிஸால் இறந்தவர்களின் பதிவுகளை ஆராய்ந்த 2000ஆம் ஆண்டுக் கட்டுரையில், இதயமோ மூச்சோ நின்றுபோக எடுத்த நேரத்தின் இடைநிலை: உணவால் 30 நிமிடம், பூச்சிக்கடியால் 15, மருத்துவமனையில் கொடுத்த மருந்தால் வெறும் 5. ஐந்து நிமிடம் கொண்ட நோய்க்கு, வேலை செய்யவே பல மணி நேரம் எடுக்கும் ஸ்டீராய்டை முதலில் தேடுகிறோம். ஆன்டிஹிஸ்டமின் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், அவ்வளவே. அடைக்கிற மூச்சுக்குழாயைத் திறக்காது, இறங்குகிற பி.பி.யை ஏற்றாது. பழைய ரகத்தை வேகமாக ஐ.வி.யில் தள்ளினால் பி.பி.யை இன்னும் இறக்கவும் செய்யும், ஆளை மயங்கவும் வைக்கும். அப்புறம் அது மருந்தின் மயக்கமா, நோயின் மயக்கமா என்று பட்டிமன்றம் நடத்தலாம். பிரிட்டனின் ரிசஸிடேஷன் கவுன்சில் 2021 வழிகாட்டுதலில் முதற்கட்ட சிகிச்சையிலிருந்து ஆன்டிஹிஸ்டமினையே எடுத்துவிட்டது, ஸ்டீராய்டும் வழக்கமாக வேண்டாம் என்றுவிட்டது. இது வார்டுக்குள் வந்து சேர்ந்ததா? யார் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்? நைட் டியூட்டி சிஸ்டரா?

"டாக்டர் ஆர்டர் இல்லாமல் நர்ஸ் எப்படி அட்ரினலின் போட முடியும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. பதிலும் பல இடங்களில் நடைமுறையில் இருக்கிறது: முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்ட நிலையான ஆணை. இன்னின்ன அறிகுறி இருந்தால், இன்ன அளவு, இன்ன இடத்தில், போட்டுவிட்டுக் கூப்பிடு. ஒரு பக்கத் தாள். அதை எழுதாத நிர்வாகம்தான் இப்போது மெமோ மட்டும் கொட்டை எழுத்தில் எழுதுகிறது.

"அட்ரினலின் ஆபத்தான மருந்து, தெரியாதவர் கையில் கொடுக்கலாமா?" இது அடுத்தது. ஆபத்து எதில் என்று பிரித்துச் சொல்லுங்கள். தசையில் அரை மில்லிகிராம் போட்டால் கொஞ்ச நேரம் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், முகம் வெளுக்கும். பெரும் விபத்துகள் வருவது ஐ.வி.யில் தவறான அளவைத் தள்ளும்போது. ஆம்பூல் மேல் ஆயிரத்துக்கு ஒன்று, பத்தாயிரத்துக்கு ஒன்று என்று விகிதத்தில் எழுதிவைத்தால் பதற்றத்தில் ஒரு சுழி மாறத்தான் செய்யும். அமெரிக்காவில் 2016இல் அந்த விகித எழுத்தையே லேபிளில் இருந்து எடுத்துவிட்டு, மில்லிக்கு இத்தனை மில்லிகிராம் என்று மட்டும் போடச் சொன்னார்கள். குழப்பத்துக்கு மருந்து லேபிளும் பயிற்சியும். பயந்து ஒளித்து வைப்பது மருந்தல்ல. வயதானவருக்கு, இதய நோயாளிக்குப் போடலாமா என்றால், உயிர் போகிற அனஃபைலாக்ஸிஸில் தசை வழி அட்ரினலினுக்கு முற்றான தடை என்று எதுவுமே கிடையாது.

"தோலில் தடிப்பே வரவில்லையே, பிறகு எப்படி அலர்ஜி என்று நினைப்பார்கள்?" பத்தில் ஒன்று முதல் இரண்டு பேருக்குத் தோலில் எதுவும் வராது. பாடத்தில் தடித்துச் சிவந்த முதுகின் படத்தை மட்டும் காட்டினால், தடிப்பு இல்லாத நோயாளி அவர்கள் கண்ணுக்குத் தெரியவே மாட்டார்.

"நாங்கள்தான் வொர்க்ஷாப் நடத்தினோமே" என்று ஒரு பெரியவர். வாழ்த்துகள்.

ஆனாலும் வொர்க்ஷாப் என்று வந்துவிட்டதால் சொல்கிறேன். ஒரு சம்பிரதாய வகுப்பு எப்படிப் போகும்? 1963இல் கெல்லும் கூம்ப்ஸும் வகுத்த நான்கு வகை மிகையுணர்வு, அம்புக்குறியோடு. ஹிஸ்டமின் போன்றவற்றைக் கொட்டி அலர்ஜியைக் கிளப்பும் மாஸ்ட் செல்லின் படம். ஐ.ஜி.இ. என்ற அலர்ஜி ஆன்டிபாடி அதில் எப்படி ஒட்டுகிறது, எதெல்லாம் வெளியே கொட்டுகிறது. கடைசி ஸ்லைடில் 'அட்ரினலின் கொடுக்கவும்'. கேள்விகள் உண்டா? இல்லை. தேநீர். அந்த அறையில் இருந்த யாரும் ஆம்பூலை உடைக்கவில்லை, ஒரு சொட்டு உறிஞ்சவில்லை. ஏட்டுச் சுரைக்காய் என்று சும்மாவா சொன்னார்கள்.

பயிற்சி என்றால் இப்படி இருக்கட்டும். தண்ணீர் நிரப்பிய ஆம்பூல், ஒரு மில்லி சிரிஞ்ச், 25 மில்லிமீட்டர் நீள ஊசி, ஒரு பொம்மைத் தொடை, ஒரு கடிகாரம். "பன்னிரண்டு கிலோ குழந்தை, வீசிங், வாந்தி, துவண்டுவிட்டது" என்று ஒருவர் கத்த வேண்டும். முதல் ஊசி தொடையில் இறங்க எத்தனை விநாடி என்று எழுதி வைக்க வேண்டும். முதல் முறை கை நடுங்கும். 0.12 மில்லிக்குப் பதில் முழு ஆம்பூலையும் உறிஞ்சுவார்கள். ஊசியையே எடுத்து வைக்க மறந்திருப்பார்கள். ஆம்பூலை டிரேயில் தேடுவார்கள், அது பூட்டிய அலமாரியில் இருக்கும், சாவி வேறொருவரிடம் இருக்கும். இந்தத் தப்பெல்லாம் பொம்மையிடம் நடக்கட்டும். மனிதரிடம் நடக்க வேண்டாம். சில மாதத்தில் மறுபடி செய்ய வேண்டும், ஏனென்றால் கைப்பழக்கம் அதற்குள் மங்கிவிடும். சுயமாகப் போட்டுக்கொள்ளும் ஆட்டோ இன்ஜெக்டரை நோயாளிக்கு எழுதிக் கொடுக்கும் மருத்துவரிடமே மாதிரிக் கருவியைக் கொடுத்துச் செய்து காட்டச் சொல்லிப் பாருங்கள். சிலர் தலைகீழாகப் பிடித்துத் தன் கட்டைவிரலிலேயே குத்திக்கொள்ளப் பார்ப்பார்கள். சிரிக்காதீர்கள்.

நெருக்கடி தீர்ந்த பிறகான வேலையையும் யாரும் கற்றுத் தருவதில்லை. மாஸ்ட் செல்லிலிருந்து வெளியே கொட்டும் ட்ரிப்டேஸ் என்ற நொதியை அளக்க ரத்தம் எடுக்க வேண்டும். அறிகுறி தொடங்கி ஒன்று இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்தால் நல்லது, நான்கு மணி தாண்டினால் பயன் குறைவு. ஒரு நாள் கழித்து அடிப்படை அளவுக்கு இன்னொரு முறை. முதலாவது அளவு, அடிப்படையின் 1.2 மடங்கோடு 2 கூட்டியதற்கு மேல் இருந்தால் மாஸ்ட் செல் வெடித்தது உறுதி. பல மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வரலாம் என்பதால் கண்காணிப்பில் வைக்க வேண்டும். எந்த மருந்து, எத்தனை நிமிடத்தில், என்னென்ன அறிகுறி என்று கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். 'டிரக் அலர்ஜி' என்று சிவப்பு மையில் இரண்டே வார்த்தை எழுதி மூடினால், அடுத்த மருத்துவமனையில் அவருக்கு எதைக் கொடுப்பது?

அந்த இரண்டு வார்த்தை செய்யும் கெடுதலும் சின்னதல்ல. பெனிசிலின் அலர்ஜி என்று முத்திரை குத்தப்பட்டவர்களை முறையாகச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்த மருந்தைத் தாங்குகிறார்கள். சின்ன வயதில் வைரஸ் காய்ச்சலில் வந்த தடிப்பாக இருக்கும், மருந்தால் வந்த வயிற்றுப்போக்காக இருக்கும். யாரும் கேட்கவில்லை. முத்திரை மட்டும் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்கிறது. தேவையில்லாமல் அகன்ற வீச்சு ஆன்டிபயாடிக் ஏறுகிறது. பென் ஃபாஸ்ட் என்று 2020இல் வந்த எளிய கணக்கு ஒன்று உண்டு: ஐந்து ஆண்டுக்குள் நடந்ததா (2), அனஃபைலாக்ஸிஸ், முகவீக்கம் அல்லது கடுமையான தோல் எதிர்வினையா (2), சிகிச்சை தேவைப்பட்டதா (1). கூட்டினால் மூன்றுக்குக் கீழே என்றால் ஆபத்து குறைவு. கேள்வி மூன்றே மூன்று. கேட்கப் பழக்குவதற்கு எத்தனை நேரம் ஆகும்?

கேட்பதுதான் அலர்ஜித் துறையின் பாதி. என்ன, எவ்வளவு, எத்தனை நிமிடத்தில், மறுபடி அதே மருந்தோ உணவோ போனபோது என்ன ஆனது, கூட உடற்பயிற்சியோ வலி மாத்திரையோ இருந்ததா. இதைக் கேட்காமல் நேராக 'பேனல்' எழுதிக் கொடுக்கிறார்கள். தொண்ணூறு பொருளுக்கு ரத்தப் பரிசோதனை, பதினைந்தில் பாசிட்டிவ். 0.35க்கு மேல் ஒரு ஐ.ஜி.இ. எண் வந்தால் உடல் அந்தப் பொருளை அடையாளம் கண்டுவைத்திருக்கிறது என்று அர்த்தம். சாப்பிட்டால் நோய் வரும் என்று அர்த்தமில்லை. ஒரு பிரச்சினையும் இல்லாமல் தின்றுகொண்டிருந்த குழந்தையின் தட்டிலிருந்து பதினைந்தும் பறிக்கப்படுகிறது. எடை ஏறாது. நிறுத்திவைத்த உணவே பிற்பாடு நிஜ அலர்ஜியாகத் திரும்பி வருவதும் உண்டு. இதைவிட மோசம், ஐ.ஜி.ஜி. என்ற வேறொரு ரக ஆன்டிபாடிக்கான பரிசோதனை. அது காட்டுவது நீங்கள் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதை மட்டும். ஐரோப்பிய அலர்ஜி அகாதமி 2008லேயே உணவு அலர்ஜி கண்டுபிடிக்க இது கூடாது என்று எழுதிவிட்டது. ஆறு வாரத்துக்கு மேல் தினம் தடித்துத் தடித்து மறையும் அர்ட்டிகேரியாவுக்கும் இதே பேனல்தான். அது பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் அலர்ஜியே இல்லை. தூக்கக் கலக்கம் தராத ரக ஆன்டிஹிஸ்டமினை, தேவைப்பட்டால் மருத்துவர் மேற்பார்வையில் நான்கு மடங்கு வரை ஏற்றிப் பார்க்க வேண்டிய நோய்.

"அரிப்புதானே, இதற்கு ஒரு துறையா" என்று முகத்துக்கு நேராகவே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மருத்துவர்கள்தான். தும்மல் டிபார்ட்மென்ட் என்றும் ஒரு பெயர் உண்டு. கேலி செய்யுங்கள், பழகிவிட்டது. ஆனால் அதே வாய் நேற்று "அட்ரினலின் கூடத் தெரியாத நர்ஸ்" என்று எழுதியதைப் பார்த்தபோதுதான் தாங்கவில்லை. "கோர்ஸ் விற்கப் பதிவு போடுகிறாய்" என்று இன்பாக்ஸில் எழுதியவருக்கு: மேலே எழுதியது முழுவதும் இலவசம்தான், எடுத்துக்கொண்டு போய் உங்கள் வார்டில் ஒட்டுங்கள்.

கடைசியாக, கமெண்டில் நூறு பேர் கேட்ட "டெஸ்ட் டோஸ் போட்டாரா?". போட்டாராம். நெகட்டிவ்வாம். கேஸ் ஷீட்டில் இருக்கிறது. முன்பு எந்த எதிர்வினையும் இல்லாத எல்லோருக்கும், ஊசி மருந்தையே கண்ணளவில் கலக்கி முன்கையில் ஒரு கொப்புளம் ஏற்றிவிட்டுப் பார்ப்பது அலர்ஜிப் பரிசோதனை ஆகாது. கரைசல் கெட்டியாக இருந்தால் யாருக்கும் சிவக்கும். நீர்த்துப் போயிருந்தால் யாருக்கும் சிவக்காது. முறையான ஸ்கின் டெஸ்டுக்கு எரிச்சல் தராத அளவு என்று நிர்ணயித்த கரைசல் வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்கும் கன்ட்ரோலாக ஹிஸ்டமின் ஒரு பக்கம், சலைன் ஒரு பக்கம் வேண்டும், பதினைந்து இருபது நிமிடம் காத்திருந்து அளவுகோல் வைத்துத் தடிப்பை அளக்க வேண்டும், நோயாளி சில நாளாக ஆன்டிஹிஸ்டமின் எடுக்கவில்லை என்று முதலில் கேட்டு உறுதிசெய்திருக்க வேண்டும். டெஸ்ட் டோஸுக்காக என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள், உங்கள் வார்டில் ஹிஸ்டமின் கன்ட்ரோல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கமெண்டில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.