எந்த கியரில் இறங்கினீர்கள், மாமா?

எனக்கு 62 வயது. கோத்தகிரிக்குப் பக்கத்தில் வீடு. தேயிலை ஃபேக்டரியில் டீமேக்கராக, அதாவது பச்சை இலை தூளாகும் வரை கவனித்துக்கொள்கிறவராக, இருந்து ஓய்வு பெற்றவன். இருபத்தைந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2023-இல் மறுபடியும் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினேன். அன்றிலிருந்து ஆளுக்கொரு பேச்சு. "இந்த வயதில் இதெல்லாம் எதற்கு?" என்று பாதிப் பேர். "நீங்கள் பார்க்காத மலையா, ஓட்டாத வண்டியா!" என்று மீதிப் பேர். முதல் பேச்சு மனதைப் புண்படுத்தும், அவ்வளவுதான். இரண்டாவது பேச்சு ஆளையே கொண்டுபோய்விடும். நானும் அதை நம்பித்தான் சாலையில் இறங்கினேன்.

1987-இல் நான் வாங்கியது பழைய யெஸ்டி. மைசூரில் செய்த வண்டி. உதைத்துக் கிளப்புகிற அதே நெம்புகோலை மடக்கினால் அதுவே கியர். இலை வாடும் நேரத்தைப் பொறுத்துத்தான் டீமேக்கரின் வேலை நேரம். இரவு இரண்டு மணிக்கு அழைப்பு வந்தாலும் போக வேண்டும். பனிமூட்டத்தில் முன்விளக்கின் மஞ்சள் வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகாது. சாலையோரத்து வெள்ளைக் கற்களை எண்ணியபடி போய் வந்திருக்கிறேன். பதினோரு ஆண்டுகள் ஓட்டி, மகனின் பள்ளிக் கட்டணத்துக்காக 1998-இல் விற்றேன். வாங்கியவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போன சத்தம் டானிங்டன் திருப்பம் வரைக்கும் கேட்டது.

ஓய்வு பெற்றபின் ஏன் மறுபடி வாங்கினேன் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் எளியது. என் அக்கா கீழ்க்கோத்தகிரிப் பக்கம் இருக்கிறார். மாலை பஸ்ஸைத் தவறவிட்டால் அங்கேயே தங்க வேண்டும், அல்லது யாரையாவது கெஞ்ச வேண்டும். அறுபது வயதுக்கு மேல் எங்கே போவதற்கும் இன்னொருவரின் நேரத்துக்காகக் காத்திருப்பது மனிதனை மெல்ல மெல்ல வீட்டுக்குள் உட்கார வைத்துவிடுகிறது. நான் உட்கார விரும்பவில்லை.

என் பழைய உரிமம் 2007-லேயே காலாவதியாகியிருந்தது. ஓராண்டுக்கு மேல் தாண்டிவிட்டால் மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது சட்டம். மைதானத்தில் எட்டு போட்டுக் காட்டினேன், தந்துவிட்டார்கள். எட்டில் இறக்கம் கிடையாது.

வண்டி வந்த முதல் வாரம். காலை ஏழு மணிக்குக் கோத்தகிரியிலிருந்து குஞ்சப்பனை நோக்கி இறங்கினேன். அரவேனு தாண்டியதும் என் இடது கை தானாகக் கிளட்ச்சை அழுத்தியது, கால் எந்த கியரிலும் இல்லாத நியூட்ரலுக்குத் தள்ளியது. யோசிக்கவே இல்லை. அந்தக் காலத்தில் அப்படித்தான் இறங்குவோம். அதற்குக் காரணம் இருந்தது. யெஸ்டி டூ ஸ்ட்ரோக் வண்டி. அதன் எஞ்சினுக்கு எண்ணெய் தனியாகப் போகாது. பெட்ரோலில் கலந்துதான் போகும். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடிவிட்டு கியரிலேயே இறங்கினால் எஞ்சின் வேகமாகச் சுற்றும், எண்ணெய் மட்டும் போகாது. பிஸ்டன் இறுகிவிடும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. விவரமானவர்கள் அவ்வப்போது ஆக்சிலேட்டரைத் திருகிவிடுவார்கள். மற்றவர்கள் கிளட்ச்சைப் பிடித்தபடி உருள விடுவோம். பெட்ரோலும் மிச்சம் என்று மகிழ்வோம்.

இப்போது என்னிடம் இருப்பது ஃபோர் ஸ்ட்ரோக். எண்ணெய் எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது. கியரில் இறங்கினால் அதற்கு ஒரு கெடுதலும் இல்லை. எஞ்சினே வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் இறங்கினால் மொத்தப் பாரமும் பிரேக்கின் தலையில். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 33 கிலோமீட்டர். அதற்குள் ஆயிரத்து நானூறு மீட்டருக்கு மேல் கீழே இறங்குகிறோம். இது எதையும் என் கையும் காலும் அறியவில்லை. அவை இன்னும் 1998-இல்தான் இருந்தன.

கருகிய வாசனை வந்தது. பின் பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போனது. வளைவில் இலை லாரி ஒன்று முக்கிக்கொண்டு மேலே ஏறி வந்தது. நான் மலைப்பக்கத்து வாய்க்காலில் வண்டியைச் சாய்த்தேன். முழங்காலில் தோல் உரிந்தது, கால் வைக்கும் கம்பி வளைந்தது. லாரி ஓட்டுநர் இறங்கி வந்து தூக்கிவிட்டார். என் நரைத்த தலையைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் போனார்.

வீட்டில் மறைத்தேன். இரண்டு நாள்தான் முடிந்தது. மகன் வளைந்த கம்பியைப் பார்த்துவிட்டு "வண்டியை விற்றுவிடலாம் அப்பா" என்றான். என் மருமகள் தினமும் குன்னூருக்கு பைக்கில் வேலைக்குப் போய் வருகிறவள். அவள் குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "எந்த கியரில் இறங்கினீர்கள், மாமா?"

அந்த ஒரு கேள்விக்காக அவளுக்கு நான் வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன். ஏன் போனீர்கள் என்று அவள் கேட்கவில்லை. என்னை ஓட்டுநராக மதித்து, என் தவறு எது என்று கேட்டாள். வயதான அப்பாவோ மாமனாரோ அம்மாவோ வண்டி ஓட்ட ஆசைப்படும் வீடுகளில் இருக்கும் பிள்ளைகளே, தயவுசெய்து இந்தக் கேள்வியைக் கேளுங்கள். சாவியை ஒளித்து வைக்காதீர்கள். ஒளித்து வைத்தால் பெரியவர்கள் விழுந்ததையும் ஒளித்து வைப்பார்கள்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து பள்ளி மைதானத்தில் அவளிடம் பாடம். முதலில் கூச்சமாக இருந்தது. நான்கு பேர் நின்று பார்த்தார்கள். இரண்டாம் வாரம் கூச்சம் போய்விட்டது. ஒரு மேட்டை எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் அதை இறங்கு என்பது அவளுடைய முதல் பாடம். மலைப்பாதையில் "இரண்டாம் கியரில் செல்லவும்" என்று போர்டு எழுதி வைத்திருப்பதை நாற்பது ஆண்டுகளாகப் பார்க்கிறேன்; பஸ்ஸுக்கும் லாரிக்கும் என்றே நினைத்திருந்தேன்.

அடுத்தது முன் பிரேக். எங்கள் காலத்தில் "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிந்துவிடும்" என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். பிரேக் பிடிக்கும்போது பாரமெல்லாம் முன்சக்கரத்துக்குப் போகிறது, இறக்கத்தில் இன்னும் அதிகமாக. நிறுத்தும் வலு அங்கேதான் இருக்கிறது. வளைவுக்கு முன்பே, வண்டி நேராக நிற்கும்போதே, இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெதுவாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும். மழையில் நனைந்த சில்வர் ஓக் இலைகளின் மேல் வேகமாக வந்து சாய்கிறவரை அதுவும் காப்பாற்றாது.

கொண்டை ஊசி வளைவில் பார்வை எங்கே இருக்க வேண்டும் என்பதைக் கற்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. முன்சக்கரத்தைப் பார்த்தால் வண்டி தடுமாறும். கழுத்தைத் திருப்பி வளைவு முடியும் இடத்தைப் பார்த்தால் வண்டி தானாக அங்கே போகும். ஆனால் அறுபதுக்கு மேல் கழுத்து அவ்வளவு எளிதில் திரும்புவதில்லை. தினமும் காலையில் அதற்கென்றே பயிற்சி செய்கிறேன்.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் உரிமத்துக்கு மருத்துவச் சான்று தர வேண்டும். எனக்குச் சான்று தந்த மருத்துவர் என் கண்ணைப் பார்க்கவே இல்லை. படிவத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். எனக்கும் அன்று அது வசதியாக இருந்தது. சில மாதம் கழித்து, இரவில் எதிரே வரும் விளக்குகளைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிந்தபோதுதான் கண் மருத்துவரிடம் போனேன். வலது கண்ணில் புரை. அறுவை சிகிச்சை முடிந்து வந்த அன்று எங்கள் வாசல் தேயிலைச் செடிகள் இத்தனை பச்சை என்று கண்டேன். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருகிற சான்றிதழை அரசாங்கத்துக்காக வாங்காதீர்கள். உங்களுக்காகச் சோதித்துக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு நான் இப்போதும் ஓட்டுவதில்லை.

கட்டபெட்டுப் பக்கம் என் நண்பர் ஒருவர் இருக்கிறார், 65 வயது. பழைய புல்லட்காரர். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். போன ஆண்டு புது புல்லட் வாங்கினார். இதில் எல்லாம் தலைகீழ். மூன்று மாதம் தவறின்றி ஓட்டினார். ஒரு மாலையில் தேயிலைத் தோட்டத்திலிருந்து காட்டெருமை ஒன்று சாலையில் வந்து நின்றது. பதறிய நொடியில் முப்பது ஆண்டுப் பழக்கம் விழித்துக்கொண்டது. இடது காலால் ஓங்கி மிதித்தார். கியர் இறங்கி, பின்சக்கரம் வழுக்கி, 190 கிலோவுக்கு மேற்பட்ட வண்டி அவர் மேல் சாய்ந்தது. காட்டெருமை திரும்பித் தோட்டத்துக்குள் போய்விட்டது. அவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. மருத்துவமனையில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது: "எனக்கு எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்தேன்."

திரும்பி வருகிறவர்கள் புதியவர்களைவிட அதிகம் கற்க வேண்டும். புதியவர் கற்றால் போதும். நாம் முதலில் மறக்க வேண்டும், பிறகு கற்க வேண்டும். அதற்கு வெட்கப்படுகிறவர் வண்டியைத் தொடாமல் இருப்பது நல்லது. வெட்கப்படாதவரை யாரும் தடுக்காதீர்கள்.

நண்பருக்கு எலும்பு கூடிவிட்டது. வண்டியை விற்கச் சொல்லி வீட்டில் நெருக்குகிறார்கள். வருகிற சனிக்கிழமை அவரை மைதானத்துக்கு அழைத்திருக்கிறேன். மருமகள் பாடம் வகுத்துவிட்டாள்: வண்டியைக் கிளப்பாமல் ஸ்டாண்டில் நிறுத்தி, ஏறி உட்கார்ந்து, அவள் கை தட்டும்போதெல்லாம் வலது காலால் பிரேக்கை மிதிக்க வேண்டும். நூறு முறை. தட்டுவது அவள், எண்ணுவது நான்.