திட்டம் போட வரும் ஆலோசகருக்குச் சம்பளம் கொடுப்பது யார்?

கூடலூர், கோத்தகிரி பக்கம் கொஞ்சம் பெரிய ஆதிவாசி சங்கம் என்றால் இப்போதெல்லாம் ஒரு 'ஸ்ட்ராட்டஜிக் பிளான்', அதாவது சங்கத்துக்கான ஐந்து வருடத் திட்டம், இருந்தாக வேண்டும். அதைப் போட்டுத்தர பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஒரு கன்சல்டன்ட் வருவார். கூடவே 'ஈக்விட்டி'யும் வரும். அதாவது, அமைப்புக்குள் யார் முடிவெடுக்கிறார்கள், யார் ஓரமாகவே நிற்கிறார்கள் என்று பார்ப்பது. நல்ல விஷயம்தான். ஆனால் அவரை யார் கூப்பிட்டார்கள், யார் காசு கொடுக்கிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

பெரும்பாலும் நிதி தருகிறவர்கள்தான். 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தியபோது, நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்துவிட்டார்கள். அலுவலக வாடகை, கணக்கு எழுதும் செலவு, வக்கீல், நிபுணர் கட்டணம் எல்லாம் அந்த இருபதுக்குள் அடங்க வேண்டும். வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் தடை. பெரிய நிறுவனத்தின் கையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்த சின்னச் சங்கங்களுக்கு அந்த வழியும் அடைபட்டது. சொந்தக் காசில் ஆலோசகர் வைக்க யாரால் முடியும்? 'ஆளை நாங்களே அனுப்புகிறோம்' என்றால் தலையாட்டத்தான் வேண்டியிருக்கிறது. அறிக்கையும் அனுப்பியவர் படிப்பதற்காகவே எழுதப்படுகிறது, ஆங்கிலத்தில்.

திட்டம் போடும் பட்டறை குன்னூர் ரிசார்ட்டில், இரண்டு நாள். சேரம்பாடி, அய்யன்கொல்லி ஆட்கள் கூடலூர் வந்து, ஊட்டி ஏறி, அப்புறம் குன்னூர் இறங்க வேண்டும். கொழுந்து பறிக்கிற அக்காவுக்கு இரண்டு நாள் கூலி போச்சு. திரும்பும்போது இருட்டிவிட்டால் வழியில் யானை. கடைசியில் வருவது என்னைப் போன்ற சம்பள ஊழியர்கள்தான். சார்ட் பேப்பரில் நாலு அம்புக்குறி, மதியம் பிரியாணி. அறிக்கை அட்டையில் 'மக்கள் பங்கேற்புடன் தயாரிக்கப்பட்டது'.

கூடலூரில் ஆதிவாசி என்று ஒரே பெயரில் சொன்னாலும் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், இருளர் எல்லாம் தனித்தனிச் சமூகங்கள். முள்ளுக்குறும்பர்களில் பலருக்கு நிலம் உண்டு. பணியர்கள் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் உழைத்தவர்கள். மொழியும் வேறு வேறு, கூட்டத்தைத் தமிழில் நடத்தினாலே பாதிப் பேர் மௌனமாகிவிடுவார்கள். கமிட்டியில் சமூகத்துக்கு இரண்டு இடம் ஒதுக்கினால் ஈக்விட்டி முடிந்தது என்று நினைக்கிற ஆலோசகர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஒருவர் மட்டும் வேறு மாதிரி. வந்ததும் தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். ஒவ்வொரு தீர்மானத்திலும் முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் யார் என்று குறித்துக்கொண்டே போனார். வருகைப் பக்கங்களில் பணியர் பெண்களின் கைநாட்டு நிறைய இருந்தது. முன்மொழிந்தவர் என்ற இடத்தில் அவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. செயற்குழுவில் அதை அப்படியே வாசித்தார். தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது, செயலாளர் டீ சொல்லப் போகிறேன் என்று எழுந்துபோய்விட்டார். எங்களில் ஒருவர் இதைச் சொல்லியிருக்க முடியாது. நாளைக்கும் அதே ஜீப்பில் இடித்துக்கொண்டு போக வேண்டும், தலைவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாற வேண்டும். வெளியாள் வேண்டியிருப்பது இதற்குத்தான்.

வெளியாளே ஆகாது என்கிற தோழர்களும் இருக்கிறார்கள். 1988 டிசம்பரில் நில உரிமை கேட்டு ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் கூடலூரில் ஊர்வலம் போனார்களே, ஆதிவாசி முன்னேற்ற சங்கத்துக்குத் துணை நின்ற அக்கார்ட் என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் வெளியூர்க்காரர்கள்தான். அவர்கள் இங்கேயே குடியேறி, ஊர் ஊராக உட்கார்ந்து பேசினார்கள். ஆலோசகர் குடியேற வேண்டாம், அவ்வளவெல்லாம் கேட்கவில்லை.

வன உரிமைச் சட்ட விதிப்படி கிராம சபைக்கே பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். ஐந்து வருடத் திட்டத்துக்கு அந்த அளவாவது வேண்டாமா? ஒப்பந்தம் சங்கத்தோடு இருக்கட்டும், நிதி தருகிறவர் பணத்தை மட்டும் தரட்டும். கூட்டம் ஊரிலேயே நடக்கட்டும், வருகிறவர்களுக்கு அன்றைய கூலியும் பட்ஜெட்டில் ஏறட்டும். அறிக்கை மெயிலில் போவதற்கு முன் ஊரில் வாய்விட்டு வாசிக்கப்படட்டும். கட்டணத்தின் கடைசித் தவணையை ஒரு வருடம் நிறுத்திவைத்து, அவர் திரும்பி வந்து தீர்மானப் புத்தகத்தை இன்னொரு முறை புரட்டிய பிறகு கொடுக்கலாம்.

இதற்கெல்லாம் சம்மதிக்கிற ஆலோசகர் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். எங்கள் சங்கத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.