60-இல் 31

அதிக இடம் பிடித்த கட்சியை வெளியே உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் சேர்ந்து ஆட்சி அமைத்தால் உடனே ‘கொல்லைப்புற வழி’ என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் லக்சம்பர்க்கின் 2013 தேர்தல்தான் நினைவுக்கு வரும்.

உளவுத்துறை முறைகேடு வெடித்து, கூட்டாளிகளான சோஷலிஸ்டுகளும் கைவிட்டதால், 18 ஆண்டுகள் பிரதமராக இருந்த ஜான்-கிளாட் யுங்கர் முன்கூட்டியே தேர்தலைச் சந்திக்க வேண்டியதாயிற்று. 60 இடங்களில் அவருடைய கிறிஸ்தவ சமூக மக்கள் கட்சிக்கு 23. முதலிடம்தான், மறுக்கவில்லை. ஆனால் 2009-இல் 26 வைத்திருந்த கட்சி அது. தாராளவாத ஜனநாயகக் கட்சியோ 9-இலிருந்து 13-க்கு ஏறியிருந்தது. அவர்களோடு சோஷலிஸ்டுகளின் 13, பசுமைக் கட்சியின் 6 சேர்ந்தபோது 32 ஆயிற்று; பெரும்பான்மைக்கு 31 போதும். இந்தக் கட்சிகளின் நிறங்களான நீலம், சிவப்பு, பச்சை மூன்றும் காம்பியா நாட்டுக் கொடியின் நிறங்கள் என்பதால் ‘காம்பியா கூட்டணி’ என்றே பெயர் விழுந்தது. ஜனநாயகக் கட்சியின் சேவியர் பெட்டல் பிரதமரானார். இதில் திருட்டுத்தனம் எங்கே இருக்கிறது?

அந்த நாட்டு வாக்குச்சீட்டைப் பாருங்கள். தெற்குத் தொகுதியில் வாக்காளர் ஒருவருக்கு 23 ஓட்டு. கட்சிப் பட்டியலின் தலையில் இருக்கும் வட்டத்தைக் கருப்பாக்கினால் அந்தக் கட்சிக்கே எல்லாம் போய்விடும். வேண்டாமா, சரி, ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் இரண்டு கட்டம் இருக்கிறது. பிடித்தவருக்கு இரண்டு பெருக்கல் குறி, வேறு கட்சிக்காரர் ஒருவருக்கு ஒன்று என்று பிரித்துப் போட்டுக்கொண்டே போகலாம். ஓட்டையே இப்படிக் கலந்து போடுகிற மக்களிடம், கட்சிகள் சேரக்கூடாது என்று எந்த முகத்தோடு சொல்வது?

அவர்களே அப்புறம் தீர்ப்பும் சொன்னார்கள். 2018-இல் மூன்று கட்சிக்கும் சேர்த்து 31. 2023-இல் பசுமைக் கட்சி 9-இலிருந்து 4-க்கு விழ, கூட்டணி 29-இல் நின்றுவிட்டது. யுங்கரின் கட்சி லுக் ஃப்ரீடன் தலைமையில் ஆட்சிக்குத் திரும்பியது, அதுவும் பெட்டலின் கட்சியைச் சேர்த்துக்கொண்டு.

என்னை உறுத்துவது வேறு. அங்கே வாழ்பவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வெளிநாட்டுக் குடிமக்கள். போர்ச்சுகீசியர்கள்தான் அதில் அதிகம். நாடாளுமன்றத் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு இல்லை. பத்தாண்டுகள் வாழ்ந்தவர்களுக்காவது கொடுக்கலாமா என்று பெட்டல் அரசு 2015-இல் மக்களிடம் கேட்டது. 78 சதவீதம் பேர் முடியாது என்றார்கள். 31-ஐ யார் யாரோடு சேர்ந்து எட்டினார்கள் என்று சண்டை போடுகிறோமே, அந்த எண்ணிக்கைக்குள் வராத இவர்களைப் பற்றித்தான் எனக்கு இன்னமும் ஆறவில்லை.