ஒன்றே கால் கட்டையில் எவன் பாடுவான்?

கேபிளைச் செருகு, வாசி, பதிவாகிவிடும் என்று கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் வந்த அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறான். மூன்று படம். முதல் படத்தில் ஆம்ப், இரண்டாவதில் லேப்டாப், மூன்றாவதில் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு கிட்டார் வாசிக்கிறான். அந்த மூன்று படத்துக்கு நடுவில் நான் தொலைத்த ராத்திரியை யார் திருப்பித் தருவது? மாமா மகனிடம் நான் பேசிய பேச்சை யார் திரும்ப வாங்குவது? வீட்டில் உட்கார்ந்து எலெக்ட்ரிக் கிட்டார் பதிவு செய்யப் போராடுகிற எல்லாரும் கேளுங்கள். இன்று காலை நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

மைக் வைத்துப் பதிவு செய்யலாமே என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். ரங்கூனில், தாமுவேயில், ஆறாவது மாடியில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறேன். வைகாசியில் பிடிக்கிற மழை ஐப்பசி வரை விடாது. மழை இல்லாத நாளில் காக்கா. ரங்கூன் காக்காவைப் பற்றி ரங்கூன்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காக்கா அடங்கினால் நாய். கரண்டு போனால் தெரு முழுக்க ஜெனரேட்டர், கீழே நகைக்கடையில் ஒன்று, பக்கத்து டீக்கடையில் ஒன்று, எதிர்ச்சாரியில் ஒன்று. இதற்கு நடுவில் எந்த மைக்கை எங்கே வைப்பது? அதற்காகத்தான் டிஜிட்டல் பிராக்டிஸ் ஆம்ப் வாங்கினேன். கம்பியில் இருந்து கிளம்பிய ஒலி காற்றைத் தொடாமலே யூஎஸ்பி வழியாக லேப்டாப்புக்குள் போய்விடும், காக்கா கத்தினாலும் கவலையில்லை என்று நம்பினேன். எட்டு மாதம் சேர்த்த பணம்.

பெகுவில் என் மாமா இருக்கிறார். கோயில் பஜனையில் நாற்பது வருஷமாக முன்பாட்டு அவர்தான். போன வருஷத்தில் இருந்து மேல் ஸ்தாயியில் குரல் கொஞ்சம் பிசிறடிக்கிறது. அதற்குள் அவர் பாடும் முருகன் பாட்டு ஒன்றையாவது ஒழுங்காகப் பதிந்து வைக்க வேண்டும், பங்குனி உத்திரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பது வீட்டில் எல்லாருக்கும் ஆசை. மாமா மகன் போனில் வீடியோவாகவே எடுத்து அனுப்பினான். மாமா குரல், ஆர்மோனியம், மிருதங்கம். அதன் மேல் நான் கிட்டார் வைக்க வேண்டும். நாலு நிமிஷப் பாட்டு. இரண்டு கட்டைச் சுருதி. ஆர்மோனியக் கட்டைக் கணக்கில் ஒரு கட்டை என்றால் கிட்டாரில் சி, ஒன்றரை என்றால் சி ஷார்ப், இரண்டு என்றால் டி.

லேப்டாப்பில் பாட்டுப் பதிகிற சாஃப்ட்வேரில் அந்தப் பாட்டைப் போட்டு வைத்திருந்தேன். லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்டபோது நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் ஆம்பை மாட்டி, ஒலி இந்த வழியாகத்தான் உள்ளே வர வேண்டும், இந்த வழியாகத்தான் வெளியே போக வேண்டும் என்று மாற்றினேன். அங்கே பிடித்தது சனி.

முதலில் இரைச்சல். சார்ஜரை மாட்டினால் ஙொய்ங் என்று ஒரு சத்தம், கழற்றினால் நிற்கிறது. எங்கள் சுவரில் இரண்டு ஓட்டைப் பிளக்கு, எர்த் என்பதே கிடையாது. சரி, பேட்டரியிலேயே லேப்டாப்பை ஓட்டுவோம். ஆனால் ஆம்புக்குக் கரண்டு வேண்டுமே. எங்கள் பகுதிக்கு முறை வைத்து நாலு மணி நேரம் விடுகிறார்கள், நேற்று ராத்திரி ஒன்பது முதல் ஒரு மணி வரை. அந்த நாலு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும்.

அடுத்தது, ஒரு மீட்டுக்கு இரண்டு சத்தம். ஆம்பில் இருந்து நேராக வருவது ஒன்று, லேப்டாப்புக்குள் போய்த் திரும்பி வருவது ஒன்று. ஒலியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, 1024 துண்டாகச் சேர்த்துச் சேர்த்து அனுப்பும்படி சாஃப்ட்வேர் அதுவாகவே வைத்திருக்கிறது. போக 23 மில்லி நொடி, வர இன்னொரு 23. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். கணக்குப் போட்டால், ஆம்பை ஏறக்குறைய பதினாறு மீட்டர் தள்ளி எதிர்ச்சாரி வீட்டு மாடியில் வைத்துவிட்டு இங்கே உட்கார்ந்து வாசிப்பதற்குச் சமம். லேப்டாப் வழியாக வருவதை அடைத்துவிட்டு ஆம்பின் சத்தத்தை மட்டும் கேட்டு வாசி என்பதுதான் இதற்கு வழி. ஒரு வரி. அந்த ஒரு வரி அட்டைப்பெட்டியில் இல்லை. வாங்கிய ஆளே தேடித் தேடித் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். மணி பத்தே கால். பாட்டை ஓட விட்டேன்.

மாமாவின் குரல் கனமாக, இழுவையாக வந்தது. கிட்டாரில் டி வைத்தால் சேரவில்லை. சி வைத்தேன், சேரவில்லை. சி ஷார்ப், அதுவும் இல்லை. ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் நடுவில் போய் நிற்கிறது. ஆர்மோனியத்தில் அப்படி ஒரு கட்டையே கிடையாது! கறுப்புக் கட்டைக்கும் வெள்ளைக் கட்டைக்கும் நடுவில் விரலை வைத்து யாரால் வாசிக்க முடியும்? போனைப் போட்டேன்.

"மச்சான், என்னடா அனுப்பியிருக்கே? ஆர்மோனியம் எங்கேயாவது கீழே விழுந்துச்சா?"

"ரெண்டு கட்டைதான் மச்சான். அப்பா எப்பவும் பாடுறதுதான்."

"ரெண்டு கட்டையா இது? ஒன்னே கால் கட்டைல நிக்குது. ஒன்னே கால் கட்டையில எவன்டா பாடுவான்?"

அவன் சத்தியம் செய்தான். நான் நம்பவில்லை. போனை மேசையில் வைத்து எடுத்திருப்பாய், மெமரி நிறைந்திருக்கும், எதையும் ஒழுங்காகச் செய்ய மாட்டாய் என்று என்னவெல்லாமோ சொல்லிவிட்டேன். ராத்திரி பத்தரை மணிக்கு, பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டுத் தூங்கப் போனவனிடம். அவன் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டான்.

சரி, பாட்டைத் தூக்கி வீச முடியாது, மாமாவின் குரலாயிற்றே. கிட்டாரைத்தான் இறக்க வேண்டும். என் டியூனர் உதவாது, அது முழுச் சுரத்தைத்தான் காட்டும். காதை நம்பி ஒவ்வொரு கம்பியாக இறக்கினேன். ஆறாவது கம்பியை இறக்கி முடிப்பதற்குள் முதல் கம்பி கொஞ்சம் ஏறியிருக்கும். மறுபடி முதலில் இருந்து. 9-ஆம் நம்பர் கம்பி, அதுவே சன்னம், அதையும் தளர்த்தினால் என்ன ஆகும்? கொடிக் கயிறு மாதிரித் தொய்ந்தது. கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைதான் பிரெட்; மூன்றாவது பிரெட்டில் அழுத்தினால் கம்பி பிரெட்டில் உரசி நறநற என்கிறது. கம்பியைத் தாங்கும் பிரிட்ஜின் திருகைத் திருகிக் கம்பியை உயர்த்தினேன். உயர்த்தியதும் சுருதி மாறியது. திரும்ப ஆறு கம்பியும். மணி பதினொன்றே முக்கால். மின்விசிறிச் சத்தம் கூடாது என்று அதையும் நிறுத்தியிருந்தேன். யூஎஸ்பியில் பதியும்போது மின்விசிறி ஓடினால் என்ன? ஆனால் அந்த நேரத்தில் எதையும் நம்பும் நிலையில் நான் இல்லை. வியர்வை முழங்கையில் இருந்து சொட்டி கிட்டாரின் மேல் விழுந்தது.

பன்னிரண்டே காலுக்கு வாசிக்க ஆரம்பித்து, பன்னிரண்டு ஐம்பதுக்கு நல்லதாக ஒன்று அமைந்தது. உண்மையிலேயே நல்ல வாசிப்பு. சரணத்தில் மாமா "வேலவா" என்று இழுக்கிற இடத்தில் இரண்டாவது கம்பியைத் தள்ளி மெதுவாக ஒரு அசைவு கொடுத்தேன் பாருங்கள், இருபது வருஷமாக வாசிக்கிறேன், அப்படி எப்போதாவதுதான் அமையும். சேமித்தேன். பத்து நிமிஷத்தில் கரண்டு போனது. பரவாயில்லை, முடிந்தது என்று படுத்தேன்.

இன்று காலை ஆம்ப் இல்லாமல், லேப்டாப்பில் வெறும் ஹெட்போனை மாட்டிக் கேட்டேன்.

மாமாவின் குரல் சரியாக இருக்கிறது. இரண்டு கட்டை. மிருதங்கம் சரியாக இருக்கிறது. அதன் மேல் என் கிட்டார், யாரோ துரத்துகிற மாதிரி கிடுகிடுவென்று ஓடுகிறது. ஒலி சன்னமாகி, தகரத்தைக் கீறுகிற மாதிரி ஆகிவிட்டது. நான் உயிரைக் கொடுத்துக் கொடுத்த அந்த அசைவு ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி வெடவெடவென்று ஆடுகிறது.

மூன்று மணி நேரம் தேடிய பிறகு காரணம் கிடைத்தது. ஒலியை நொடிக்கு இத்தனை துண்டாக வெட்டி எண்களாக வைப்பதுதான் டிஜிட்டல் பதிவு. சிடி வந்த 1982-இல் நிலைத்த கணக்கு 44,100 துண்டு. வீடியோவுக்கு வழக்கம் 48,000. மச்சான் போனில் எடுத்தது வீடியோ, அதனால் 48,000. என் ஆம்புக்கோ 44,100 மட்டும்தான் தெரியும், வேறு எதற்கும் மாறாது. ஒரு நொடிக்குள் தள்ள வேண்டிய 48,000 துண்டை 44,100 வேகத்தில் தள்ளினால் பாட்டு இழுபடும். முக்கால் கட்டை இறங்கும். 4 நிமிஷப் பாட்டு 4 நிமிஷம் 21 நொடி ஆகும். இரண்டு கட்டையில் முக்கால் போனால்? ஒன்றே கால்! அந்த இழுபட்ட பாட்டுக்கு நான் வாசித்தேன். லேப்டாப்பின் சொந்தச் சவுண்ட் கார்டுக்குத் திரும்பியதும் எல்லாம் சேர்ந்து நிமிர்ந்துகொண்டது, என் கிட்டாரும் கூடவே வேகம் பிடித்து ஓடிவிட்டது.

மச்சான் மேல் எந்தத் தப்பும் இல்லை. ஆர்மோனியம் கீழே விழவில்லை.

இப்போது கேட்கிறேன். அந்த ஆம்புக்கு 44,100 மட்டும்தான் தெரியும் என்பதை ஏன் பெட்டி மேல் எழுதவில்லை? கையேட்டின் கடைசிப் பக்கத்தில், எடை எவ்வளவு, அகலம் எவ்வளவு என்கிற பட்டியலுக்குக் கீழே, எறும்பு மாதிரி எழுத்தில் இருக்கிறது. சாஃப்ட்வேருக்குத் தெரியாதா? தெரியும். திரையின் மூலையில் ஒரு பொத்தான் ஆரஞ்சு நிறமாக மாறியிருந்தது. அவ்வளவுதான் அது செய்தது. பாட்டு தவறான வேகத்தில் ஓடுகிறது என்று ஒரு வாக்கியம் போட்டால் என்ன குறைந்துவிடும்? மற்ற ஆம்ப்களின் ஒலியைப் போலச் செய்து காட்டும் டிஜிட்டல் மாடலிங் ஆம்பை லைன் 6 கம்பெனி முதன்முதலில் கொண்டுவந்தது 1996-இல். யூஎஸ்பி முதல் பதிப்பு வந்ததும் அதே 1996-இல்தான். இத்தனை வருஷம் கழித்தும் ஆம்பும் லேப்டாப்பும் ஒன்றோடொன்று பேசி ஒரு எண்ணை ஒத்துக்கொள்ளத் தெரியவில்லை என்றால், அந்தச் சுமையை ஏன் வாசிக்கிறவன் தலையில் கட்டுகிறார்கள்? பழைய வால்வ் ஆம்ப் மாதிரி ஒலி வேண்டும் என்றால் இருபது விதம் கொடுக்கத் தெரிகிறது. வாசித்ததை வாசித்த மாதிரி வைத்திருக்கத் தெரியவில்லை.

இந்த ஆம்பிலேயே இன்னொரு எச்சரிக்கை உண்டு, அது மட்டும் பெரிய எழுத்தில். உள்ளே இருக்கும் மென்பொருளைப் புதுப்பிக்கும்போது எக்காரணம் கொண்டும் மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள், துண்டித்தால் கருவி செயலிழக்கும். ரங்கூனில் இருப்பவனிடம் சொல்கிற வார்த்தையா இது? மின்சாரத்தை நானா துண்டிக்கிறேன்?

தெரிந்த பிறகு இது இரண்டு நிமிஷ வேலை. பாட்டை முதலிலேயே 44,100-க்கு மாற்றி, புதுப் பிராஜெக்ட் ஒன்றை அதே கணக்கில் திறந்து, அதில் போட வேண்டும். மாற்றிவிட்டேன். ஓட விட்டுப் பார்த்தேன். ஆம்ப் வழியாகவும் மாமா இரண்டு கட்டையில்தான் பாடுகிறார். கம்பிகளை ஏற்றப் போனேன். இரண்டாவது கம்பி பட்டென்று அறுந்தது. இறக்கி ஏற்றி இறக்கி ஏற்றி அது நைந்துபோயிருந்தது. ஒற்றைக் கம்பி தர மாட்டேன், செட்டாகத்தான் தருவேன் என்கிறார் கடைக்காரர்.

மச்சானுக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்டேன். "விடு மச்சான், அப்பா இன்னொரு தடவை பாடணுமான்னு கேக்குறாரு" என்றான். நான் கத்தியது மாமா காதுக்குப் போய்விட்டது. எழுபது வயது மனிதர், தன் குரல்தான் சுருதி விலகிவிட்டதோ என்று நேற்று ராத்திரியில் இருந்து யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறார். இதை நினைத்தால்தான் ஆம்பைத் தூக்கி ஆறாவது மாடியில் இருந்து போட்டுவிடலாமா என்று கை துடிக்கிறது. மாமாவிடம் நானே பேசினேன், உங்கள் சுருதி கல்லு மாதிரி நிற்கிறது மாமா, இந்தப் பெட்டிதான் பொய் சொன்னது என்றேன். சிரித்தார். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

இன்று ராத்திரியும் ஒன்பதில் இருந்து ஒன்று வரை எங்கள் முறை. புதுக் கம்பி மாட்டியாயிற்று, ஒன்பது மணிக்கு உட்காருவேன். அந்த "வேலவா" மறுபடி அப்படி அமையுமா, தெரியாது.

இதை எழுதுவதற்குக் கீழே டீக்கடைக்கு வந்து உட்கார்ந்தேன். சமோசா வந்தது. போன மாதம் இதே விலைக்கு உள்ளங்கை அளவு இருந்தது, இன்று கட்டைவிரல் அளவு இருக்கிறது. எண்ணெய் விலை, மாவு விலை, எல்லாம் தெரியும். விலையை ஏற்று, கொடுக்கிறேன். கேட்காமல் கொள்ளாமல் சமோசாவைச் சின்னதாக்காதே அப்பா!