முட்டை ஓட்டை உடைத்துக் குஞ்சை வெளியே எடுக்காதீர்கள்

“ஓட்டில் துளை விழுந்து 2 மணி நேரத்தில் குஞ்சு வராவிட்டால் மூச்சுத் திணறிச் செத்துவிடும், உடனே ஓட்டை உரித்து எடுங்கள்” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

முதல் துளைக்குப் பிறகு கோழிக்குஞ்சு முழுதாக வெளிவர 24 மணி நேரம்கூட ஆகலாம். துளை வழியே காற்று கிடைத்துக்கொண்டுதான் இருக்கும். அசையாமல் கிடக்கிறதே என்று நமக்குத்தான் பதற்றம். உள்ளே அது மஞ்சள் கருவின் மிச்சத்தை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஓட்டின் உட்சவ்வில் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் அப்போதுதான் வற்றுகின்றன. அவசரப்பட்டு உரித்தால் சவ்வில் சிவப்பாகக் கசியும். குஞ்சு இறந்தும் போகலாம்.

அடைகாப்புப் பெட்டியை அடிக்கடி திறப்பதும் கெடுதல். ஈரப்பதம் குறைந்து சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். பொரித்த குஞ்சு இறகு உலரும்வரை உள்ளேயே இருக்கட்டும். உறிஞ்சிய மஞ்சள் கருவே 2 நாள் வரை அதற்கு உணவாகத் தாங்கும். பெட்டியிலிருந்து எடுத்த பிறகு முதல் வாரம் சுமார் 35 டிகிரி செல்சியஸ் வெப்பமும் ஆழமில்லாத தட்டில் தண்ணீரும் தேவை.

சந்தேகமிருந்தால் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். கால்நடைப் பல்கலைக்கழகங்களின் கோழி வளர்ப்புக் கையேடுகளிலும் பார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.