213, 251: மும்பையின் ஒன்றரை லட்சம் பெண்களும் நம் வீட்டு அத்தைகளும்

213. 251. இந்த இரண்டு எண்களைப் பற்றி எழுத வேண்டும் என்று நீண்ட நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பதிவு நீளம்தான். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

இரண்டும் மார்பகப் புற்றுநோயால் இறந்துபோன பெண்களின் எண்ணிக்கை. மும்பையில் டாடா மெமோரியல் மருத்துவமனை 1998-இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. குடிசைப் பகுதிகளை இருபது தொகுதிகளாகப் பிரித்து, பத்துத் தொகுதிகளைப் பரிசோதனைக்கும் பத்துத் தொகுதிகளை ஒப்பீட்டுக்கும் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். 35 முதல் 64 வயது வரையுள்ள 1,51,538 பெண்கள் அதில் இருந்தார்கள். பரிசோதனைத் தொகுதிகளில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று நான்கு சுற்றுகள், பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் கையால் தொட்டு மார்பகத்தைப் பரிசோதித்தார்கள். ஒப்பீட்டுத் தொகுதிகளில் புற்றுநோய் பற்றி ஒருமுறை எடுத்துச் சொன்னதோடு சரி. அதன்பின் இரண்டு பக்கமும் விடாமல் கண்காணிப்பு. யாருக்கு நோய் வந்தது, எந்த நிலையில் தெரிந்தது, யார் இறந்தார், எதனால் இறந்தார் என்று இருபது ஆண்டுகள் குறித்துக்கொண்டே வந்தார்கள். இந்திரநீல் மித்ரா தலைமையிலான குழு 2021-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவை வெளியிட்டது. கையால் பரிசோதிக்கப்பட்ட பக்கத்தில் 213 மரணம். மற்றப் பக்கத்தில் 251.

கொரோனா இரண்டாம் அலைக்குச் சற்று முன்னால் வந்த செய்தி. அதனால்தானோ என்னவோ, நம் பக்கம் யாரும் பெரிதாகப் பேசவில்லை. வேறொரு நாட்டில் இப்படி ஓர் ஆய்வு நடந்திருந்தால் அதை மேற்கோள் காட்டியே நம் மருத்துவ மாநாடுகள் நடந்திருக்கும்.

நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள், மருத்துவர் அல்ல. எண்களைப் பார்த்தால் முதலில் சந்தேகப்படுவதுதான் என் பிழைப்பு. ஆகவே முதலில் சந்தேகத்தைச் சொல்லிவிடுகிறேன். 15 சதவீதம் குறைவு என்று வரும் இந்த வித்தியாசம், துறையில் எல்லோரும் ஏற்றுக்கொண்டிருக்கும் அளவுகோலைத் தாண்டவில்லை. பரிசோதனையால் எந்தப் பலனுமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், இந்த அளவு வித்தியாசம் தற்செயலாக வந்துவிட நூற்றுக்கு ஏழு வாய்ப்பு இருக்கிறது. நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே இருந்தால்தான் நாங்கள் தலையாட்டுவோம். ஆனால் ஐந்து என்பது மனிதர் போட்ட கோடு. ஏழு என்றதும் "பயனில்லை" என்று எழுதி மூடிவிடுகிற மாணவருக்கு என் தாளில் மதிப்பெண் கிடைக்காது.

ஏனென்றால் அதே ஆய்வில் இன்னும் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, ஒப்பீட்டுப் பக்கத்தில் நோய் தெரிந்தவர்களில் 47 சதவீதம் பேர் மூன்றாம் அல்லது நான்காம் நிலையில், அதாவது நோய் முற்றிய நிலையில் இருந்தார்கள். பரிசோதனைப் பக்கத்தில் அது 37 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயல் என்று ஒதுக்க முடியாதது. இன்னொன்று, 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களை மட்டும் தனியே பார்த்தால் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. லட்சம் பெண்களை ஓராண்டு கவனித்தால் 35 பேர் இறக்கிற இடத்தில் 25 பேர் என்று கணக்கு. ஐம்பதுக்குக் கீழே உள்ளவர்களிடம் அப்படி ஒரு பலன் தெரியவில்லை. இந்த வயதுப் பிரிப்பு ஆய்வு முடிந்தபின் செய்தது, ஆகவே கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் இதைப் படித்தபின் நம் ஊர் விழிப்புணர்வு முகாம்களைப் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை.

முகாம் எங்கே நடக்கிறது? ஐடி நிறுவன வளாகத்தில், மகளிர் கல்லூரியில், வங்கிக் கிளையில். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமான அக்டோபர் வந்தால் இளஞ்சிவப்பு ரிப்பன், செல்ஃபி, ஒரு மருத்துவரின் உரை, தள்ளுபடிக் கூப்பன். அமர்ந்து கேட்பவர்களுக்கு வயது இருபதுகளிலும் முப்பதுகளிலும். யாருக்குப் பலன் அதிகம் என்று மும்பை சொல்கிறதோ, அந்த ஐம்பத்தைந்து வயது அத்தை வீட்டில் பேரனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறாள். "பிள்ளை பெற்று, பால் கொடுத்து, மாதவிடாயும் நின்றாயிற்று. இனி எனக்கு அங்கே என்ன வரப்போகிறது?" என்பது அவள் எண்ணம். என் சொந்தத்தில் படித்த பெண்களே இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வயது ஏற ஏறத்தான் இந்த நோய்க்கான வாய்ப்பு கூடுகிறது என்பது அவர்களுக்கு யாரும் சொல்லாத செய்தி.

இந்தியாவில் இது இளம் பெண்களின் நோய் என்ற பேச்சு ஒன்று இருக்கிறது. மேற்கு நாடுகளைவிட இங்கே பத்து ஆண்டு முன்பே வருகிறதாம். நோயாளிகளின் சராசரி வயதைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் நம் மக்கள்தொகையே இளையது. முப்பதுகளில் இருக்கும் பெண்கள் இங்கே அதிகம், எழுபதுகளில் இருப்பவர்கள் குறைவு. கூட்டத்தில் இளைஞர் அதிகம் என்றால் நோயாளிக் கூட்டத்திலும் அவர்கள் பங்கு அதிகமாகத்தான் தெரியும். இளம் பெண்ணுக்கு வராது என்று நான் சொல்லவில்லை, வருகிறது. ஆனால் சராசரியை மட்டும் பார்த்து முகாமின் இடத்தை முடிவு செய்தால் அத்தை விட்டுப்போகிறாள்.

அடுத்து, சுவரொட்டி. கண்ணாடி முன் நின்று கையைத் தூக்கி மாதாமாதம் சுயபரிசோதனை செய்யும் பெண்ணின் படம். இதையும் யாரோ சோதித்துப் பார்த்திருப்பார்கள் அல்லவா? பார்த்தார்கள். ஷாங்காய் நகரில், துணி ஆலைகளில் வேலை பார்த்த 2,66,064 பெண்கள். ஆய்வு 1989-இல் தொடங்கியது. பாதிப் பேருக்குச் சுயபரிசோதனையை முறையாகக் கற்றுக் கொடுத்து, நினைவூட்டி, மேற்பார்வையில் செய்யவும் வைத்தார்கள். பத்தாண்டுக்கு மேல் கடந்தபின் கணக்குப் பார்த்தால், கற்றவர்களில் 135 பேர், கற்காதவர்களில் 131 பேர் மார்பகப் புற்றுநோயால் இறந்திருந்தார்கள். வித்தியாசமே இல்லை. ஆனால் கற்றவர்களில் ஆபத்தில்லாத கட்டிகளுக்காக பயாப்சி (திசுவை எடுத்துச் சோதிப்பது) செய்துகொண்டவர்கள் கூடியிருந்தார்கள். 2002-இல் வந்த முடிவு இது. நம் சுவரொட்டிக்கு இன்னும் வந்து சேரவில்லை. (தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குளிக்கும்போதோ உடை மாற்றும்போதோ கட்டி, தோல் சுருக்கம், காம்பிலிருந்து இரத்தக் கசிவு எதையாவது கண்டால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். நான் பேசுவது அட்டவணை போட்டுச் செய்யும் மாதாந்தரச் சடங்கைப் பற்றி.)

அப்படியானால் மார்பகத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் மேமோகிராம்? அதிலும் நீண்ட கால ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஸ்வீடனில் 1977-இல் இரண்டு மாவட்டங்களில் தொடங்கிய ஆய்வு, மரணம் முப்பது சதவீத அளவுக்குக் குறைந்ததாகச் சொல்கிறது. தவிர்க்கப்பட்ட மரணங்களில் பெரும்பகுதி, பத்து ஆண்டுகள் கடந்தபிறகு நிகழ்ந்திருக்கக்கூடியவை என்பதையும் அதுதான் காட்டியது. பத்தாண்டில் கடையைக் கட்டியிருந்தால் பலனில் பெரும்பகுதி கண்ணுக்கே தெரிந்திருக்காது. இதனால்தான் இந்தத் துறையில் இருபது, இருபத்தைந்து ஆண்டு என்று காத்திருக்கிறார்கள். கனடாவில் 1980-இல் தொடங்கி, ஏறக்குறைய 90,000 பெண்களை 25 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வோ, மேமோகிராமால் மரணம் குறையவில்லை என்றது. அந்த ஆய்வின்மேல் கடுமையான விமர்சனங்கள் உண்டு; பெண்களைக் குழுக்களாகப் பிரித்த விதமே சரியில்லை என்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. எனக்கு அதில் பிடித்த செய்தி வேறு. ஐம்பதுகளில் இருந்த கனடியப் பெண்களில் ஒரு பாதிக்கு மேமோகிராமும் கைப்பரிசோதனையும் சேர்த்து, மறுபாதிக்கு நன்றாகப் பயின்ற கையால் பரிசோதனை மட்டும். இரு பக்கமும் மரணம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

மேமோகிராம் கருவி, அதன் படத்தைப் படிக்கத் தெரிந்த ரேடியாலஜிஸ்ட், மின்சாரம், பழுது பார்க்க ஆள் என்று பட்டியல் போட்டால் எத்தனை வட்டாரங்கள் தேறும்? மும்பையில் அந்தப் பரிசோதனையைச் செய்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். அடிப்படைப் பள்ளிப் படிப்பு முடித்து, விரல் நுனியின் எந்தப் பகுதியால் அழுத்துவது, எவ்வளவு ஆழம், அக்குள் வரை எப்படிப் போவது என்று பயிற்சி பெற்ற பெண்கள். ஒரு திரைச்சீலையும் ஒரு பெஞ்சும் இருந்தால் போதும். பரிசோதிப்பவர் பெண் என்பதாலேயே கூச்சத்தில் பாதி போய்விடும். நம்மிடம் கிராம சுகாதாரச் செவிலியர் இருக்கிறார். வீடு தேடிப் போய் இரத்த அழுத்தம் பார்க்கும் திட்டம் இருக்கிறது. ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இதற்கிடையே குடும்ப வாட்ஸாப் குழுக்களில் வேறொரு பாடம் நடக்கிறது. தாமதத் திருமணம், தாமதக் குழந்தை, தாய்ப்பால் கொடுக்காதது, அதனால்தான் இந்தக் காலத்துப் பெண்களுக்கு இந்த நோய் என்று ஒரு மாமா எழுதுவார். கீழே பத்துக் கைகூப்பல்கள். இதற்கு அடிப்படையாக உண்மையான ஆய்வு ஒன்று இருப்பதுதான் சங்கடம். 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்து 2002-இல் பார்த்தபோது, ஒவ்வொரு பிரசவத்துக்கும் வாய்ப்பு 7 சதவீதமும், தாய்ப்பால் கொடுத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 4.3 சதவீதமும் குறைவது தெரிந்தது. சரிதான். ஆனால் அது லட்சக்கணக்கான பெண்களின் சராசரி. நான்கு பிள்ளை பெற்று நான்குக்கும் பால் கொடுத்தவருக்கும் நோய் வந்திருக்கிறது. வார்டில் படுத்திருப்பவரிடம் போய் "நீ ஏன் தாமதமாகப் பெற்றாய்" என்று கேட்க எந்த ஆய்வும் மாமாவுக்கு உரிமை தரவில்லை. தவிரவும், இந்தக் காரணங்களில் பெரும்பாலானவற்றை ஓர் அரசு உத்தரவால் மாற்ற முடியாது, மாற்றச் சொல்லவும் கூடாது. நோயை எந்த நிலையில் பிடிக்கிறோம் என்பதை மாற்ற முடியும். இந்தியப் புற்றுநோய்ப் பதிவேடுகளிலிருந்து வந்த கணக்கில், கட்டி மார்பகத்தோடு நிற்கும்போது தெரிந்துவிட்டால் ஐந்து ஆண்டு கடந்தும் உயிரோடு இருப்பவர்கள் நூற்றுக்கு 81 பேர். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவியபின் தெரிந்தால் 18 பேர்.

மும்பை ஆய்வில் என்னை உறுத்தும் பகுதி ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் புகழ்ந்துவிட்டுப் போனால் நேர்மையாக இருக்காது. ஒப்பீட்டுப் பக்கத்தில் இருந்த 76,178 பெண்கள். அதே பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான ஆய்வும் நடந்தது. அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய சோதனை, பரிசோதித்த பக்கத்தில் அந்த நோயின் மரணத்தை 31 சதவீதம் குறைத்தது. 2013-இல் அந்தச் செய்தி வந்ததும் கைதட்டலோடு கேள்வியும் எழுந்தது. பரிசோதனை எதுவும் தராமல் இத்தனை பெண்களைப் பல ஆண்டுகள் வெறுமனே கவனித்துக்கொண்டிருந்தது நியாயமா? பணம் கொடுத்தது அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம். அமெரிக்கப் பெண்களிடம் இப்படிச் செய்திருப்பார்களா? ஆய்வாளர்கள் சொன்ன பதில், அப்போது இந்தியாவில் வழக்கமாகக் கிடைத்துக்கொண்டிருந்த பராமரிப்பே 'எதுவும் இல்லை' என்பதுதான் என்பது. பதில் உண்மை. அந்த உண்மைதான் கசப்பு. கருப்பைவாய் விஷயத்தில் கேள்வி கேட்டவர்கள் பக்கம்தான் நான் சாய்வேன், ஏனென்றால் அங்கே பரிசோதனை உயிர் காக்கும் என்பது உலகுக்கு முன்பே தெரியும். மார்பகத்துக்குக் கைப்பரிசோதனை பலன் தருமா என்பது அப்போது உண்மையிலேயே யாருக்கும் தெரியாது. ஒப்பிடாமல் அதைக் கண்டுபிடிக்க வழியும் இல்லை.

அந்தப் பெண்கள் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டார்கள். பதிலுக்கு நாம் செய்தது என்ன? மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கையால் மார்பகப் பரிசோதனை என்று இருக்கிறது. தாளில் எல்லாம் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 30 முதல் 49 வயதுப் பெண்களிடம் எப்போதாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டதுண்டா என்று கேட்டபோது, நாடு முழுக்க ஆம் என்றவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். தமிழ்நாடு கொஞ்சம் மேல். அதுவும் நூற்றுக்குப் பத்தை எட்டவில்லை. கணக்கெடுப்பின் வயது வரம்பைக் கவனித்தீர்களா? 49-இல் நின்றுவிடுகிறது. ஐம்பது தாண்டிய அத்தையிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

முகாம்களின் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் 1982 முதல் சென்னை நகரத்தின் புற்றுநோய்ப் பதிவேடு நடந்து வருகிறது. யாருக்கு என்ன புற்றுநோய் என்பதை அங்கே பதிகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு பெண்ணுக்குக் கைப்பரிசோதனை செய்தால் அந்தத் தேதியும் அவர் வயதும் வேறொரு ஏட்டில் போய் உட்காருகின்றன. இரண்டு ஏடுகளையும் இணைத்துப் படிக்க ஏற்பாடு செய்யுங்கள். பரிசோதிக்கப்பட்ட வட்டாரத்தில் முற்றிய நிலை நோயாளிகள் குறைகிறார்களா என்பது சில ஆண்டுகளிலேயே தெரிய ஆரம்பிக்கும். மரணம் குறைகிறதா என்று பார்க்கப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும், ஆகட்டும். ஏட்டில் 49-ஓடு வரிசை முடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முகாமைப் பிற்பகல் இரண்டு மணிக்கு வையுங்கள், அப்போதுதான் அத்தைகளுக்கு அடுப்படி வேலை முடியும்.