ஆறு விசில் விட்டுவிட்டு கங்காருவைத் திட்டாதீர்கள்

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒருவர் கங்காரு ஃபில்லெட்டை, அதாவது எலும்பில்லாத கறித்துண்டை, குக்கரில் போட்டு ஆறு விசில் விடுகிறார். வாயில் வைத்ததும் "செருப்பு மாதிரி இருக்கு" என்று துப்புகிறார். கீழே ஒரே சிரிப்பு.

ஐயா, அதைச் செருப்பாக்கியது நீங்கள்தான். அதில் கொழுப்பு சுமார் 2 சதவீதம். ஆட்டுத் தொடையில் வேக வேக இளகும் சவ்வும் இந்தத் துண்டில் அவ்வளவாகக் கிடையாது. நீர் வற்றினால் மிஞ்சுவது நார்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து இருபது நிமிஷம் வெளியே வையுங்கள். ஈரத்தை ஒற்றிவிட்டு, எண்ணெயைக் கறிமேல் தடவுங்கள். இரும்புக் கல் புகைய ஆரம்பித்ததும், 2 செ.மீ. கனமுள்ள துண்டுக்கு ஒவ்வொரு பக்கமும் இரண்டரை நிமிஷம். மூடி ஐந்து நிமிஷம் வைத்து, நாருக்குக் குறுக்கே அறுங்கள். நடுவில் சிவப்பாக இருக்கும். இருக்கணும்.

"பச்சையா தின்னச் சொல்றியா?" என்று வருவீர்கள். கர்ப்பிணிகளுக்கு டாக்ஸோபிளாஸ்மா (வேகாத கறியில் இருக்கக்கூடிய ஒட்டுண்ணி) பயம் நியாயமானது, அவர்கள் முழுக்க வெந்ததைத்தான் சாப்பிட வேண்டும். அதற்குத்தான் வால் இருக்கிறதே! சவ்வு நிறைந்தது, சிறு தீயில் மூன்று மணி நேரம் போனால் எலும்பைவிட்டுக் கழன்றுவிடும். மத்திய ஆஸ்திரேலியப் பழங்குடியினர் முடியைப் பொசுக்கிச் சுரண்டிவிட்டு, வாலைத் தணலில் புதைத்துச் சுடுகிறார்கள். குக்கர் ஆசையை வாலில் தீர்த்துக்கொள்ளுங்கள், ஃபில்லெட்டை விட்டுவிடுங்கள்.

"தேசியச் சின்னத்தையே தின்கிறார்களே!" சரி, தின்கிறார்கள். பண்ணையில் அடைத்து வளர்ப்பதில்லை; உரிமம் பெற்றவர்கள் காட்டில் சுடுகிறார்கள், தலைக்குத்தான் குறி என்பது விதி. பையில் இருக்கும் குட்டியின் கதியைக் கேட்டால் மட்டும் என்னிடம் நல்ல பதில் இல்லை.

கறியைவிட எரிச்சல் கிளப்பியது வீடியோவில் அவர் அடித்த அந்தப் பழைய ஜோக். கங்காரு என்றால் "எனக்குத் தெரியாது" என்று அர்த்தமாம்! 1770இல் வடகிழக்கு ஆஸ்திரேலியாவின் எண்டெவர் ஆற்றங்கரையில், ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் ஆட்கள் அந்த மிருகத்தின் பெயரைக் கேட்டபோது, அங்குள்ள கூகு யிமிதிர் பழங்குடி மக்கள் ஒரு வகைக் கங்காருவின் பெயரைத்தான் சரியாகச் சொன்னார்கள்: கங்குரு. 1970களில் மொழியியலாளர் ஜான் ஹாவிலண்ட் அவர்களோடு இருந்து இதை உறுதி செய்தார். பெயர் சொன்னவனையே முட்டாளாக்கிவிட்டு, இன்னமும் இளிக்கிறோம்.

அப்புறம் அவர் சொன்ன அந்த "ஷ்ரிம்ப் ஆன் த பார்பி", அதாவது பார்பெக்யூ அடுப்பில் இறால். அது 1984இல் அமெரிக்கர்களை இழுக்க எடுத்த சுற்றுலா விளம்பரத்தின் வசனம். ஆஸ்திரேலியர்கள் இறாலை 'ப்ரான்' என்பார்கள். "ப்ரிங் எ ப்ளேட்" என்று யாராவது அழைத்தால் இவர் வெறும் தட்டோடு போய் நிற்பார், அதையும் வீடியோ எடுப்பார். சமைத்து எடுத்துவா என்று அர்த்தம், ஐயா.

அடுத்த வாரம் எமு பறவையின் கறியைச் சமைக்கப் போகிறாராம். அதிலும் கொழுப்பு ரொம்பக் குறைவு. யாராவது அந்தக் குக்கரை ஒளித்து வையுங்கள்.